குளத்துக்கு எதிராக ஒரு கை

14

'மெரினூக் கூரியர்' வாரப் பத்திரிகையில் ஊரார் முதலில் படிப்பது தலைப்புச் செய்தியை அல்ல. முதல் பக்கத்தின் கீழ் மூலையில் மாதம் ஒருமுறை ஒரு கட்டம் வரும். நகர மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களின் பெயர் இடது பக்கம், எதிர்த்தவர்களின் பெயர் வலது பக்கம். வேறு விளக்கம் எதுவும் இருக்காது. கோதுமை விலையையும் கால்பந்து முடிவையும் அதற்கப்புறம்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கட்டத்தில் மன்ற உறுப்பினர் நோரீன் பாஸ்கோவின் பெயர் பதினோரு வருடமாக வருகிறது. கட்டத்தைப் போடுகிறவள் அவள் மகள் பிரைடி. பத்திரிகையின் ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், வாசலைப் பெருக்குகிறவர் எல்லாம் அவளே. அம்மாவின் பெயரை மகளே அச்சில் ஏற்றுவதில் ஊருக்கு இதுவரை ஒரு குறையும் இருந்ததில்லை. குறை சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

வாய்ப்பு கிடைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. மன்றக் கூட்ட நாளில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து கூட்டம் முடியும்வரை போன்கூடக் கிடையாது. இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி அது.

இரண்டு வருடமாக ஊரின் ஒரே சண்டை நீச்சல் குளம். பழுதான குளத்தை மூடிவிடலாம் என்றது மன்றத்தில் ஒரு தரப்பு. இந்தக் கோடைக்குத் திறப்போம், குளிர்காலத்தில் பழுது பார்ப்போம் என்றது இன்னொரு தரப்பு. நீச்சல் சங்கத் தலைவர் நோரீனின் மகன் கெல். குளம் வேண்டும் என்பவர்கள் வீட்டு கேட்டில் ஒரு குளியல் துண்டைத் தொங்கவிடுங்கள் என்று அவன்தான் சொன்னான். இப்போது துண்டு தொங்காத கேட்டை ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நோரீன் வீட்டு கேட்டில் மஞ்சள் துண்டு.

ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, தன் கை குளத்துக்குத்தான் என்று நோரீன் சொல்லிவிட்டாள். பிரைடி அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மன்றம் வழக்கமாகக் கூடுவது செவ்வாய்க்கிழமை. இங்கே கோடை தொடங்கும் நவம்பரின் முதல் செவ்வாய் மெல்பர்ன் குதிரைப் பந்தயத்துக்கு விடுமுறை என்பதால் இந்த மாதம் புதன் மதியத்துக்குப் போயிற்று. பத்திரிகை அச்சாவது இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஊரில். அங்கே புதன் மதியம் பன்னிரண்டுக்குள் எல்லாப் பக்கங்களும் போய்ச் சேர வேண்டும். கூட்டமோ ஒரு மணிக்கு.

பிரைடி என்ன செய்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'குளம் திறக்கிறது' என்று தலைப்புப் போட்டு, கட்டத்தில் அம்மாவின் பெயரை இடது பக்கம் வைத்து, கூட்டம் தொடங்க ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போதே முதல் பக்கத்தை அனுப்பிவிட்டாள். நடக்கப்போவதுதான் தெரியுமே என்ற நினைப்பு. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அன்று காலை ஏழு மணிக்கு அம்மாவின் சமையலறையில் என்ன நடந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

கெல் பின்வாசல் வழியாக வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நோரீன் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

அவன் வலது கை முழுக்க நீலப் பெயின்ட். அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் உண்டு. பதினெட்டு வயதில் தானியம் ஏற்றும் இயந்திரத்தில் மீதி போய்விட்டது. இன்றும் அவன் பாரில் கையைத் தூக்கினால், நாலரை பீரா என்று கேட்பார்கள். அவனும் சிரிப்பான். இன்று அவனிடம் யாரும் சிரிப்பை எதிர்பார்த்திருக்க முடியாது.

"யாருக்காவது அடிபட்டுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. இனிமே படும்."

அவன் சொன்னது இது. பந்தய விடுமுறையில் சங்கத்துக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, வற்றவிட்ட குளத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். மூன்று மணிக்குப் பந்தயம். எல்லோரும் ரேடியோவைக் கேட்கத் தின்பண்டக் கடைப் பக்கம் போனார்கள். ஆளுக்கொரு குதிரை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கெல்லுக்கு விழுந்த குதிரையைக் காலையிலேயே போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அதனால் அவன் போகவில்லை. ஆழமான பக்கத்தில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு சில்லு பெயர்ந்தது. பின்னாலேயே கை அகலத்துக்குச் சுவரும் பெயர்ந்தது. கையை விட்டுப் பார்த்தான். மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே சுவருக்குப் பின்னால் மண் இல்லை, வெற்றிடம்தான். எங்கோ கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பந்தயம் ஓடுவது மூன்று நிமிடம். அதைப் பற்றிப் பேச ஊருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் கெல் ஓட்டையைச் சீக்கிரம் இறுகும் சிமென்ட்டால் அடைத்து, மேலே நீலம் அடித்துவிட்டான்.

"எதுக்குடா அடைச்சே?"

"தெரியலம்மா. ரெண்டு வருஷமா வீடு வீடாப் போய்த் துண்டு தொங்க விடச் சொன்னேன். கை தானா பெயின்ட்டை எடுத்துடுச்சு."

தீர்மானம் நிறைவேறினால் நாளை குளத்தில் தண்ணீர் விடுவார்கள். சனிக்கிழமை திறப்பு. அத்தனை தண்ணீரின் பாரம் அந்தச் சுவர்மேல் ஏறும். முதல் நாளே அறுபது எழுபது குழந்தைகள் இறங்குவார்கள். இதையெல்லாம் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மன்றப் பொறியாளரிடம் இப்போதே போய்ச் சொல் என்றாள் நோரீன். சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன், இன்று என் பெயரை எடுக்காதே என்றான் அவன். நாற்பதை நெருங்கும் ஆள், டோஸ்ட்டைத் தொடாமல் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினோரு வருட அரசியலில் யாருக்கும் வளைந்து கொடுக்காதவள் நோரீன். அந்தச் சமையலறையில் வளைந்துவிட்டாள். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். ஓட்டை என்று வாயெடுத்தாலே யார் கண்டது என்று கேட்பார்கள், அதனால் காரணத்தையும் சொல்ல முடியாது. அது தவறு என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். கூட்ட நாள். போனைத் திரும்ப வைத்துவிட்டாள்.

மன்றக் கூடத்தில் அறுபது பேர். ஆளுக்கொரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மேயர் ஹெக்டர் லக்கெட், இது மன்றமா கடற்கரையா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அன்று கூட்டம் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாய் உரிமம், ரோட்டுப் பள்ளம், முதியோர் பஸ் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு இரண்டு மணிக்குக் குளத்துக்கு வந்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேயர். மூன்று கைகள் மேலே போயின. ஊரே நாலாவது கைக்காகக் காத்திருந்தது. நோரீனின் இரண்டு கைகளும் மேசைமேல், காகிதத்தின்மேல் இருந்தன.

எதிர்ப்பவர்கள் என்றார் மேயர். மூன்று கைகள். பிறகு நோரீனின் கை.

பத்திரிகைக்கு ஒதுக்கிய சின்ன மேசையில் இருந்த பிரைடி, எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். அவளுக்கு முதலில் தோன்றியது அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்பது. அடுத்து தோன்றியது முதல் பக்கம்.

"உறுப்பினர் பாஸ்கோ ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டார் மேயர். அவருக்கே நம்ப முடியவில்லை.

"இல்லை, மேயர் அவர்களே."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நோரீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முன்வரிசையில் ஒருத்தி தோளிலிருந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள்.

வாசலில் தீயணைப்புக் குழுத் தலைவன் லாக்லன் கெல்லின் தோளில் கையைப் போட்டான். குழுவில் எல்லோரும் ஊர்க்காரர்கள்தான், சம்பளமில்லாமல் வண்டி ஓட்டுகிறவர்கள்.

"மன்றம் தண்ணி விடலன்னா போகுது. வண்டி நம்ம கையில இருக்கு, ஆத்துல தண்ணி இருக்கு. சனிக்கிழமை காலைல நாமளே ரொப்பிடுவோம். குளத்துச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

கெல் தலையாட்டினான்.

"உங்க அம்மாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல நண்பா," என்று சேர்த்துக்கொண்டான் லாக்லன். சுற்றி நின்றவர்கள் அவனுக்கும் சேர்த்துச் சொன்னார்கள்.

பிரைடி கட்டடத்தின் பின்பக்கம் போய் அச்சகத்துக்குப் போன் போட்டாள். அச்சகத்து டினோ முப்பது வருட அனுபவசாலி. குரலைக் கேட்டதுமே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துகொண்டான். உள்பக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, முதல் பக்கம் கடைசியில்தான் ஏறும் என்றான். ஐந்து மணிவரை பொறுப்பேன், ஐந்தடித்து ஒரு நிமிடம் ஆனால் கையில் இருப்பதை ஓட்டிவிடுவேன் என்றும் சொன்னான்.

அம்மா கார் நிறுத்தும் இடத்தில் இருந்தாள். காரின் முன்கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது. அவள் வீட்டு கேட்டில் தொங்கிய அதே துண்டு. யாரோ மெனக்கெட்டுப் போய் எடுத்துவந்து போட்டிருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை வேற மாதிரி சொன்னியே," என்றாள் பிரைடி.

"வீட்ல சொன்னது வீட்டோட."

"நான் அதை அச்சுக்கு அனுப்பிட்டேம்மா."

துண்டை மடித்துக்கொண்டிருந்த நோரீன் நிமிர்ந்து பார்த்தாள். "கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியேவா?"

"டினோ மதியமே கேப்பான்னு உனக்குத் தெரியும். சரி, அது என் தப்பு. நான் பாத்துக்கறேன். ஏன் மாத்தினே, அதைச் சொல்லு. ஊர் முழுக்க அதைத்தான் கேக்கும்."

"நீ நிருபர். பாத்ததை எழுது. ஒரு கையைப் பாத்தே, அதை எழுது. காரணத்தை நீ பாக்கல."

"இது என்ன பதில்?"

நோரீன் காருக்குள் உட்கார்ந்தாள். வயது அறுபத்தேழு. அன்று அது முகத்தில் அப்படியே தெரிந்தது. பிரைடிக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

"நம்ம மூணு பேருமே ஆளுக்கொரு தப்பு பண்ணிட்டோம்," என்றாள் நோரீன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டாள்.

பிரைடி அங்கேயே நின்று கணக்குப் போட்டாள். நான் ஒன்று. அம்மா இரண்டு. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. பாஸ்கோ குடும்பத்தில் மூன்றாவது ஆள் ஒருத்தன்தான்.

எப்படியும் முதல் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். வெறும் குளத்தின் படம் போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

நான்கு மணி பத்துக்குக் குளத்து கேட் திறந்துகிடந்தது. வேலியில் ஊர்க்குழந்தைகள் கட்டிய துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. புது நீலம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஆழமான பக்கத்தின் அடித்தளத்தில் கெல் முழங்காலிட்டிருந்தான். கையில் உளியும் சுத்தியலும்.

ஏணியில் இறங்கி அவள் கிட்டே போவதற்குள் அடைத்த சிமென்ட்டை அவன் முக்கால்வாசி பெயர்த்துவிட்டான். அவளைத் திரும்பிப் பார்க்காமலே, காலையில் அம்மாவிடம் போனதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். குதிரை விலகியதிலிருந்து தொடங்கி லாக்லனின் தண்ணீர் வண்டிவரை சொன்னான்.

"அம்மா கையைத் தூக்கினதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். தண்ணி வராதுல்ல. இப்ப அவனுங்க சனிக்கிழமை ரொப்பறேங்கறானுங்க. என்னையே சாவி கேக்கறானுங்க."

"லாக்லன்கிட்ட சொன்னியா?"

"வாய் வரல. தலையாட்டிட்டேன்."

பிரைடி ஓட்டைக்குள் குனிந்து பார்த்தாள். உள்ளே இருட்டு. ஈர மண் வாடை. சின்ன வயதில் இவர்கள் இரண்டு பேரும் இதே சுவரை உதைத்துக்கொண்டுதான் நீந்தக் கற்றுக்கொண்டார்கள்.

கேமராவை எடுத்தாள். ஓட்டை எவ்வளவு பெரிது என்று படத்தில் தெரிய, பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஐம்பது சென்ட் காசை எடுத்து விளிம்பில் நிறுத்திவைத்தாள். அது சரிந்து உள்ளே போயிற்று. விழுந்த சத்தம் வருமென்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"நகரு," என்றான் கெல். உளியைக் கீழே போட்டுவிட்டு, வலது கையை விரித்து ஓட்டையின் ஓரத்தில் வைத்தான். நீலம் காய்ந்த கை. நாலரை விரல்.

"கெல், அந்தக் கையை ஊருக்கே தெரியும். இடது கையை வை."

"தெரியும்னுதான் இதை வெக்கறேன். வாய்தான் வரலையே."

"நாளைக்குக் காலைல எல்லாரும் பாப்பாங்க."

"எடு, பிரைடி. சுவர் ஈரமா இருக்கு. கை சில்லுனு இருக்கு."

எடுத்தாள். மூன்று தடவை எடுத்தாள்.

குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு எழுதினாள். தலைப்பு: 'குளம் திறக்காது.' படத்தின் கீழே, சுவரில் இந்த ஓட்டையைச் செவ்வாயன்று கண்டு மூடி மறைத்ததாக நீச்சல் சங்கத் தலைவர் கெல் பாஸ்கோ இந்தப் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி. புதன் மாலை அவரே அதைத் திறந்து காட்டினார் என்று அடுத்த வரி. கட்டத்தில் நோரீன் பாஸ்கோ என்ற பெயரை இடது பக்கத்திலிருந்து எடுத்து வலது பக்கம் போட்டாள். காரணம் கூறவில்லை என்று செய்தியில் எழுதினாள். அது பொய்யில்லை.

கெல் பின்னால் நின்று படித்தான்.

"அம்மாவுக்குக் காலைலயே தெரியும்," என்றான். "ஏழு மணிக்குச் சொல்லிட்டேன். அதையும் எழுதணுமா?"

பிரைடியின் விரல்கள் நின்றன. குழந்தைகள் இறங்கப்போகும் குளத்தில் ஆபத்து இருப்பது தெரிந்தும் மன்றத்தில் வாயைத் திறக்காத உறுப்பினர். கட்டத்தில் வேறு எந்தப் பெயர் இருந்தாலும் அவள் அதைத்தான் தலைப்பாகப் போட்டிருப்பாள். பதினோரு வருடத்தில் ஒருநாளும் அம்மாவுக்காக ஒரு வரியையும் அவள் விட்டதில்லை.

பாத்ததை எழுது என்றாள் அம்மா. சுவரைப் பார்த்தாயிற்று. சமையலறையைப் பார்க்கவில்லை. ஆனால் கெல் சொன்னதைக் கேட்டுத்தானே அவனைப் பற்றி எழுதியிருக்கிறாள். அவன் வாய்வார்த்தை அவனுக்குச் செல்லும், அம்மாவுக்குச் செல்லாதா.

நான்கு மணி ஐம்பத்திரண்டு. பக்கத்தை அப்படியே அனுப்பினாள்.

மூன்று நிமிடத்தில் டினோ கூப்பிட்டான். படம் பிரமாதம் என்றான். தம்பியின் பெயரைப் போட்டுவிட்டாயே என்று மெதுவாகக் கேட்டான். போட்டுவிட்டேன் என்றாள். எங்கோ பின்னால் இயந்திரம் இரைந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஓட்டையை உன் தம்பி சாயங்காலம்தான் திறந்து காட்டினான்னு போட்டிருக்கே. உங்க அம்மா ரெண்டு மணிக்கே எதிர்த்துக் கையைத் தூக்கிட்டாங்கன்னும் போட்டிருக்கே. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பிரைடி திரும்பிப் பார்த்தாள். கெல் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நீலம் போகவில்லை.

"அஞ்சு மணி ஆகப்போகுது, பிரைடி. ஓட்டவா, நிறுத்தி வெக்கவா?"

"ஓட்டு," என்றாள்.

காலை ஆறு மணிக்குப் பத்திரிகைக் கட்டு பேக்கரி வாசலில் இறங்கும். ஆறேகாலுக்குள் மெரினூக்கில் எல்லோரும் டினோ கேட்ட கேள்வியைத்தான் கேட்பார்கள். அப்போது அம்மாவின் பெயரை, குழந்தைகளைக் காத்தவர் பக்கத்திலா, ஓட்டையை மறைத்தவர் பக்கத்திலா, எந்தப் பக்கத்தில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.